லாஜிக் உண்டியல்

எங்கள் வீட்டு டி.வி. பக்கத்தில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் இருக்கிறது. மூடியில் காசு போகிற அளவுக்கு ஒரு கீறல். வயிற்றில் மகளின் கையெழுத்தில் ஒரு சீட்டு: ‘லாஜிக் உண்டியல். ஒரு கேள்விக்கு ரூ.10’. போலீஸ் படமோ கொலைப் படமோ ஓடும்போது “இதெல்லாம் நடக்கிற காரியமா?” என்று வாயைத் திறப்பவர் பத்து ரூபாய் போட்டாக வேண்டும். வீட்டில் மூன்று பேர். போடுவது நான் ஒருவன்தான்.

மற்றப் படங்களுக்கு இந்த அபராதம் கிடையாது. பேய் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தால் காலை மடக்கி உட்கார்ந்து ரசிப்பேன். கதாநாயகி வடபழனியில் தும்மிவிட்டு சுவிட்சர்லாந்தில் மூக்கைத் துடைத்தாலும் ஏனென்று கேட்க மாட்டேன். ஆனால் திரையில் ஒரு பிணம் விழுந்துவிட்டால் போதும், எனக்குள் ஒரு அரசு ஊழியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார். பிரேத விசாரணைக்குப் பஞ்சாயத்தார் வந்தார்களா? சம்பவ இடத்தைப் பார்த்து எழுதிய பார்வை மகஜரில் கையெழுத்துப் போட்டது யார்? எஃப்.ஐ.ஆர். மாஜிஸ்திரேட் கைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது? அவரைச் சொல்லியும் குற்றமில்லை. திருநெல்வேலிச் சீமையின் அமர்வு நீதிமன்றங்களில் இருபத்தெட்டு வருஷம் தட்டச்சராக உட்கார்ந்து சாட்சியங்களை அடித்துத் தள்ளியவர் அவர்.

போன மாதம் ஒரு வெப் சீரிஸ். இன்ஸ்பெக்டர் கொலை நடந்த அறைக்குள் ஷூ காலோடு நுழைந்தார். பத்து ரூபாய். கத்தியைக் கைக்குட்டையால் எடுத்து முகர்ந்து பார்த்தார். பத்து. பிணத்தைத் தானே புரட்டினார். பத்து. யாரையோ பிடித்து “302-ல உள்ள தள்ளிடுவேன்” என்றார். கதை நடப்பது 2025-இல். இந்தியத் தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1-ஆம் தேதியே வந்துவிட்டது. கொலைக்கு இப்போது 103. சினிமா இன்ஸ்பெக்டருக்கு இன்னும் சுற்றறிக்கை போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. அதற்கு ஒரு பத்து. முதல் பன்னிரண்டு நிமிஷத்தில் நாற்பது ரூபாய்.

“இந்தக் காசுக்குப் பேசாம தியேட்டருக்கே போயிருக்கலாம்” என்றாள் மனைவி.

நான் பிறவியிலேயே இப்படி இல்லை. ஒரு காலத்தில் இந்த நோயால் பாதிக்கப்பட்ட தரப்பில் இருந்தவன்.

*

1986-இல் எனக்குப் பன்னிரண்டு வயது. ‘ஊமை விழிகள்’ வந்து ஊரையே பயமுறுத்திக்கொண்டிருந்தது. திரைப்படக் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுத்த படம், அரவிந்தராஜ் இயக்கம், ஆபாவாணன் தயாரிப்பு என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது தெரிந்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில் படம் பார்த்தவர்கள் பார்க்காதவர்களிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னதுதான். பிக்னிக் போகிற புதுப்பெண்கள் காணாமல் போகிறார்கள். சாலையோரத்தில் ஒரு கிழவி. ராத்திரியில் ஒரு குதிரை வண்டி. படம் பார்க்காமலே எனக்கு இரண்டு நாள் தூக்கம் போயிற்று. பார்த்தே தீருவேன் என்று அழுதேன். அப்பாவுக்கு நேரமில்லை. பெரியப்பாவோடு அனுப்பிவைத்தார்கள். தப்பு அங்கேதான் நடந்தது.

பெரியப்பா ஒரு போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். ரைட்டர் என்றால் கதை எழுதுகிறவர் என்று பட்டணத்துக்காரர்கள் நினைக்கக்கூடும். நினைத்தால் பெரிய தவறில்லை. வேலையில் அவர் தலைமைக் காவலர். அழுதுகொண்டு வருகிறவர் சொல்வதைக் கேட்டு, அதைப் புகாராக்கி, கார்பன் தாள் வைத்து அழுத்தி எழுதி எஃப்.ஐ.ஆர். ஆக்குகிறவர். பொது நாட்குறிப்பு அவர் கையில். யார் எப்போது ஸ்டேஷனை விட்டுப் போனார், எப்போது திரும்பினார், பாராவில் நின்றது யார், எல்லாம் அவர் எழுதினால்தான் நடந்தது. எழுதாவிட்டால் நடக்கவில்லை. இன்ஸ்பெக்டர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ரைட்டர் இருப்பார்.

அப்படிப்பட்டவர் பக்கத்தில் உட்கார்ந்து துப்பறியும் படம் பார்ப்பதைவிட, முடி வெட்டுகிறவரிடம் தலையைக் கொடுத்துவிட்டுத் தும்முவது நல்லது.

“ஏல, இந்தப் பிள்ளையளக் காணோம்னு எவனாவது புகார் குடுத்தானால?”

“தெரியல பெரியப்பா.”

“புகார் இல்லாம டி.எஸ்.பி. எப்படிலே விசாரிக்கான்? மொதல்ல ‘பெண் காணவில்லை’ன்னு ஒரு நம்பர் போடணும்லா.”

திரையில் டி.எஸ்.பி. தீனதயாளனாக விஜயகாந்த் நடந்து வருகிறார். தியேட்டரே விசிலடிக்கிறது. பெரியப்பா என் காதில், “பத்திரிகைக்காரன் கண்டுபிடிச்சுச் சொல்லுத வரைக்கும் எஸ்.பி. சும்மா விட்டிருப்பாரால? மெமோ வந்திருக்கும்” என்கிறார். பின்வரிசையில் ஒருவருக்குப் பொறுமை போய்விட்டது. “அண்ணாச்சி, இதையெல்லாம் ஸ்டேஷன்ல போய்ப் பேசுங்க” என்றார்.

“ஸ்டேஷன்ல இருந்துதாம்டே வாரேன்” என்றார் பெரியப்பா, திரும்பிப் பார்க்காமலே. அதற்குப் பிறகு பின்வரிசையிலிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை. கடைசியில் வண்டிகள் துரத்துகிற காட்சியில் எல்லோரும் சீட்டு நுனியில் இருந்தார்கள். பெரியப்பா மட்டும் சாய்ந்து உட்கார்ந்து, தன் ஸ்டேஷன் ஜீப்பை நாலு பேர் தள்ளினால்தான் கிளம்பும் என்பதையும், பெட்ரோலுக்கு எழுதிப் போட்டு எத்தனை நாள் ஆகிறது என்பதையும் விளக்கிக்கொண்டிருந்தார். நான் அழுதேன். பயத்தில் அழுவதாக நினைத்து முறுக்கு வாங்கிக் கொடுத்தார்.

அந்த நாளில் எனக்குச் சினிமாக் குற்ற உலகம் முழுக்க முழுக்க நிஜம். கொள்ளைக்கூட்டத் தலைவன் குகைக்குள் கலர் கலராக விளக்குப் போட்டுக்கொண்டு இருப்பான், கரண்ட் பில் வராது. கன்னத்தில் ஒரு மச்சம் ஒட்டிக்கொண்டால் பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது. குத்துப்பட்டவன் ஊர்க்கதை எல்லாம் சொல்வான், குத்தினவன் பெயர் வரும்போது மட்டும் தலை சாய்ந்துவிடும். அடிதடி எல்லாம் முடிந்து, வில்லன் சட்டை கிழிந்து விழுந்த பிறகு போலீஸ் வரும். கோர்ட்டில் வேலைக்குச் சேர்ந்து பத்து வருஷம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. அந்தப் படங்களில் யதார்த்தமாக இருந்த ஒரே விஷயம் அந்தக் கடைசிக் காட்சிதான்.

*

பெரியப்பா எல்லாப் படத்தையும் குறை சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். தெருவில் ஆண்டெனாக்கள் முளைத்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் ‘அந்த நாள்’ போட்டார்கள். 1954-இல் வந்த ஏவி.எம். படம். வீணை எஸ். பாலசந்தர் குரோசாவாவின் ‘ராஷோமோன்’ பார்த்த வேகத்தில் இயக்கியது. 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதை ஒட்டிய கதை. பாட்டே கிடையாது. படம் தொடங்கும்போதே சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் செத்துவிடுகிறார். சி.ஐ.டி. அதிகாரியாக ஜாவர் சீதாராமன் ஒவ்வொருவராக விசாரிக்க, ஆளுக்கு ஒரு கதை சொல்லி அடுத்தவரைக் கைகாட்டுகிறார்கள்.

பெரியப்பா வாயே திறக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது, உடம்புக்கு ஏதாவதோ என்று.

“என்ன பெரியப்பா, ஒண்ணும் சொல்லலை?”

“சாட்சி ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு விதமாச் சொல்லுதான், பாத்தியா? அதுதாம்ல கேஸு. எல்லாரும் ஒண்ணுபோலச் சொன்னா, அது நான் எழுதிக் குடுத்ததுன்னு அர்த்தம்.”

இன்னொரு ஞாயிறு ‘புதிய பறவை’. 1964-ஆம் வருஷத்துப் படம் என்பதால் முடிவைச் சொல்லிவிடலாம். பங்களாவில் கோபாலைச் சுற்றி இருப்பவர்கள் நாடகமாடி, அவன் வாயாலேயே உண்மையை வரவழைக்கிறார்கள். அவன் உயிராக நேசித்தவளே போலீஸ். தமிழ்நாடே அழுத காட்சி. பெரியப்பா துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். இந்திய சாட்சியச் சட்டம் 1872, 25-ஆம் பிரிவு. போலீஸ்காரரிடம் சொன்ன ஒப்புதலைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்க முடியாது. “நம்ம ஊரு கோர்ட்டுல இந்த வாக்குமூலம் நிக்காது. கோபால் மூணே மாசத்துல வெளிய வந்துருவான்.”

“அப்புறம் எதுக்கு அழுதீங்க?”

“சட்டம் வேற, சிவாஜி வேறலா” என்றார்.

அந்த பதிலின் அருமை எனக்கு அன்று விளங்கவில்லை. அவரையே ஒரு படம் அழவைத்தால் 25-ஆம் பிரிவு குறுக்கே வராது என்று மட்டும் குறித்துக்கொண்டேன்.

*

1996-இல் கோர்ட்டில் தட்டச்சராகச் சேர்ந்தேன். சினிமாவில் பார்த்த கோர்ட்டை எதிர்பார்த்துத்தான் போனேன். “அப்ஜெக்‌ஷன் யுவர் ஆனர்”, மேஜைத் தட்டல், கூண்டைப் பிடித்துக்கொண்டு கதறல். நான் அடித்த சாட்சியங்களில் குறுக்கு விசாரணை என்பது வரிசையாக இருபது முப்பது வரிகள், எல்லாமே ஒரே மாதிரி முடியும்: ‘நான் சம்பவ இடத்தில் இல்லை என்றால் சரியல்ல’, ‘முன்விரோதம் காரணமாகப் பொய்ச் சாட்சி சொல்கிறேன் என்றால் சரியல்ல’. இந்த ‘சரியல்ல’வை எத்தனை ஆயிரம் தடவை அடித்திருப்பேனோ, விரலுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் ஒரு கிழவி சாட்சி சொல்ல வந்தாள். வெட்டுப்பட்டவன் அவள் வீட்டு நடையில்தான் வந்து விழுந்திருக்கிறான். “எய்யா, நான் அப்பந்தான் உலையில அரிசியப் போட்டேன். எம்மான்னு ஒரு சத்தம். ஏதோ ஆட்டைத்தான் நாய் கடிச்சிட்டுன்னு ஓடியாந்தேன். இவன் அருவாளோட நிக்கான். என்னைப் பாத்ததும் சித்தின்னு சொல்லுதான்யா. சித்தின்னு கூப்பிட்டுட்டுல்லா ஓடுனான்” என்றாள். சொல்லும்போது கை நடுங்கிக்கொண்டிருந்தது. நீதிமன்றத்துக்குத் தேவையானதை மட்டும் நீதிபதி சொல்லச் சொல்ல அடித்தேன்: ‘சத்தம் கேட்டு வெளியே வந்தேன். எதிரி கையில் அரிவாளுடன் நின்றிருந்தார். என்னைக் கண்டதும் தப்பியோடிவிட்டார்.’ உலை போயிற்று. ஆடு போயிற்று. சித்தி போயிற்று. அவள் சொன்னதில் எதை ஒரு இயக்குநர் காலில் விழுந்தாவது வாங்கிக்கொள்வாரோ, அது எதுவும் ஆவணத்தில் இல்லை. நான் அடித்த தாள்தான் சட்டப்படி நடந்தது.

குற்றப்பத்திரிகைகள் இன்னும் சுவாரசியம். எங்கள் பக்கத்துக் கொலைகாரர்கள் எல்லோரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போலப் பேசுவார்கள். கொலை செய்து இரண்டு மூன்று நாளில் மனம் உறுத்தி, தாய் தகப்பனிடம் போகாமல், கிராம நிர்வாக அலுவலர் முன் தானாக ஆஜராவார்கள். பிறகு போலீஸிடம், ‘என்னை அழைத்துச் சென்றால் ஆயுதத்தை மறைத்துவைத்துள்ள இடத்தை அடையாளம் காட்டி எடுத்து ஆஜர்படுத்துகிறேன்’ என்று ஒரு எழுத்துப் பிசகாமல் சொல்வார்கள். ஆயுதம் அநேகமாக முட்புதரில் இருக்கும். காரணம் எளிது. போலீஸிடம் சொன்ன ஒப்புதல் செல்லாது, ஆனால் அதன் பேரில் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் செல்லும் என்றது அதே சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. 1872-இல் சட்டம் எழுதியவர்கள் வைத்த அந்த ஒரு சந்து வழியாகத்தான் நம் கொலைகாரர்கள் எல்லோரும் வரிசையாகக் குனிந்து வந்தார்கள்.

இன்னொரு வாக்கியமும் அடிக்கடி பேப்பரில் வரும். ரவுடி ஸ்டேஷன் கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது. அதே கழிவறைக்குத் தினமும் போகிற போலீஸ்காரர்கள் யாரும் வழுக்கி விழுந்ததாகத் தகவல் இல்லை. ஒரு கதாசிரியர் இப்படி ஒன்றைத் தயாரிப்பாளரிடம் சொன்னால், “லாஜிக் இடிக்குதே சார்” என்று அனுப்பிவிடுவார்.

இவ்வளவையும் அடித்த பிறகு எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். சினிமாவைவிடச் சினிமாத்தனமானது நாம் அடிக்கிற தாள் என்று தெரிந்து அடக்கமாக இருந்திருக்க வேண்டும். நடந்தது வேறு. தியேட்டரில் உட்கார்ந்து, “பாத்தியா, மகஜரே போடலை” என்று ஆரம்பித்துவிட்டேன். தொழில் கற்றுக்கொடுத்தது ஞானத்தை இல்லை, திமிரை.

2003-இல் ‘சாமி’ வந்தது. கதை நடப்பதே திருநெல்வேலியில். விக்ரம் இட்லிக்கு பீரை ஊற்றிச் சாப்பிட்டார். “டியூட்டில இருக்கிறவன் இப்படிச் செய்வானா?” என்று நான் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். அதே படத்தின் கடைசியில் போலீஸ் அதிகாரி வில்லனை செங்கல் சூளையில் தீர்த்துவிட்டு, ஆள் தலைமறைவு என்று ஊரை நம்பவைக்கிறார். தியேட்டர் அதிரக் கைதட்டியவர்களில் நானும் ஒருவன். இட்லிக்குக் கேள்வி கேட்டவன் சூளைக்குக் கேட்கவில்லை. கோர்ட் ஊழியன், அதுவும் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவன். இதை இப்போது நினைத்தால் பத்து ரூபாய் போதாது.

*

பாட்டில் வந்த கதைக்கு வருகிறேன். 2015 ஜூலை, ‘பாபநாசம்’. எங்கள் ஊர்ப் பக்கத்துக் கதை, எங்கள் பேச்சு, ஜெயமோகன் வசனம். கமல்ஹாசன் வாயில் நெல்லைத் தமிழ் எப்படி வருகிறது என்று பார்க்கவே பாதி ஊர் போயிற்று. மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பெரியப்பாவுக்கு எண்பது. ஓய்வு பெற்று இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. இருவருக்கும் நடுவில் நான்.

கதை தெரிந்திருக்கும். கேபிள் டி.வி. நடத்துகிற சுயம்புலிங்கம். படிப்பு கிடையாது, ஆனால் ராப்பகலாகச் சினிமா பார்த்தே உலகத்தைக் கற்றவன். வீட்டில் ஒரு கொலை விழுந்துவிடுகிறது. குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு பொய்யைக் கட்டுகிறான். கொலை நடந்த தேதியில் தாங்கள் வேறு ஊரில் இருந்ததாக பஸ் கண்டக்டரும் ஓட்டல்காரரும் தியேட்டர்காரரும் சொல்கிறார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. அந்தக் குடும்பம் அங்கே போனது நிஜம், அவர்கள் பார்த்தது நிஜம். தேதி மட்டும் பின்னால் அவர்கள் மனசில் ஊன்றப்பட்டது.

நான் ஆரம்பித்துவிட்டேன். ஐ.ஜி. இப்படி நேரில் உட்கார்ந்து விசாரிப்பாரா? மகன் காணாமல் போன வழக்கை அம்மாவான ஐ.ஜி.யே விசாரிக்க விடுவார்களா? அறிவியல் ரீதியான சோதனை எங்கே? மகள் முதலில் என் தொடையைக் கிள்ளினாள். அடுத்து, “அப்பா, பேசாம படத்தைப் பாருங்கப்பா” என்றாள். அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரிந்த குரல். 1986-இல் என் தொண்டைக்குள் நின்று வெளியே வராமல் போனது. திரும்பி மறுபக்கம் பார்த்தேன். பெரியப்பா வாயைக் கொஞ்சம் திறந்து, குழந்தை மாதிரிப் படம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மகள் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலையும் கத்திரியையும் எடுத்துவிட்டாள். சட்டம் இயற்றப்பட்டது. நான் பெரியப்பாவைத் துணைக்கு அழைத்தேன். “நீங்களே சொல்லுங்க பெரியப்பா, இதெல்லாம் நடக்கிற காரியமா?”

“சாட்சி நெசத்தைத்தாம்ல சொல்லுதான், தேதிதான் பொய். முப்பது வருசம் அதைத்தான நான் பாத்தேன்” என்றார். காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தவர் கொஞ்ச நேரம் கழித்து, “ஒரே ஒரு எடம்தான் இடிக்கி” என்றார். நான் ஆவலோடு நிமிர்ந்தேன். பிணம் எங்கே இருக்கிறது என்று கடைசியில் காட்டுகிறார்களே, புதிதாகக் கட்டிய போலீஸ் ஸ்டேஷன் தரைக்குக் கீழே, அந்த இடம்.

“கவுருமெண்டு கட்டடத்துல அவ்வளவு கெட்டியா தளம் போடுவானால?”

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெரிய தாத்தாவுக்கு மட்டும் உண்டியலில் ஆயுள் விலக்கு அளித்தாள். அந்தத் தளம் மலையாள மூலத்தில் ஜீத்து ஜோசப் 2013-இல் போட்டது. அதன் மேல் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, 2019-இல் சீனம் என்று எத்தனையோ பேர் நடந்துவிட்டார்கள். எங்கும் கீறல் விடவில்லை.

*

அபராதம் வந்த பிறகுதான் என்னை நானே கவனிக்க ஆரம்பித்தேன். காசு போகிறதல்லவா. எப்போது வாய் திறக்கிறேன், எப்போது திறப்பதில்லை என்று பார்த்தால் ஒரு கணக்குப் பிடிபட்டது.

2018-இல் ‘ராட்சசன்’. சினிமா எடுக்க அலைகிறவன் சப் இன்ஸ்பெக்டராகிறான் என்றதும் முதல் பத்து ரூபாய் போயிற்று. பிறகு அந்தப் பரிசுப் பெட்டிக்குள் பொம்மைத் தலை வந்தது. அதிலிருந்து வெகுநேரம் நான் ஒன்றும் கேட்கவில்லை. “அப்பா, கையை விடுங்க, வலிக்கி” என்றாள் மகள். அவள் கையை நான் பிடித்திருந்ததே எனக்குத் தெரியாது. படம் பிடி தளர்ந்த இடங்களில் மறுபடி மகஜர் ஞாபகம் வந்தது. ஆக, என் கேள்விகள் படத்தின் பொய்யைக் கண்டுபிடித்ததே இல்லை. எனக்குச் சலிப்புத் தட்டிய நிமிஷத்தைத்தான் கண்டுபிடித்தன. சலிப்பு என்று சொன்னால் கௌரவக் குறைவு, லாஜிக் என்று சொன்னால் படித்தவன்.

ஹிட்ச்காக் இந்த ரகத்தை அறிந்தவர். நம்பத்தகுந்ததாக இருக்கிறதா என்று தராசு பிடிக்கிறவர்களுக்குக் கேலியாக ஒரு பெயரே வைத்திருந்தார். படம் முடிந்து, வீட்டுக்குப் போய், ஐஸ்பெட்டியைத் திறந்து எதையோ எடுக்கும்போது வருகிற சந்தேகம் வரட்டும் என்று விட்டுவிடுவார். சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கனைத் தேடும்போது வருகிற சந்தேகம் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். ‘தி பிக் ஸ்லீப்’ நாவலை 1946-இல் வெளிவந்த படமாக எடுத்தபோது, கதையில் வரும் கார் டிரைவரைக் கொன்றது யார் என்று படக்குழுவுக்குக் குழப்பம் வந்து, எழுதிய ரேமண்ட் சாண்ட்லரிடமே கேட்டார்களாம். அவருக்கும் தெரியவில்லை. எங்கள் அமர்வு நீதிமன்றத்தில் அந்த வழக்கு விடுதலைதான். படம் இன்றும் ஓடுகிறது.

அப்படியானால் யதார்த்தமே வேண்டாமா என்று கேட்டால், 2016-இல் பார்த்த ‘விசாரணை’யைச் சொல்வேன். கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், ஆந்திராவில் வேலைக்குப் போன இடத்தில், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி அடிக்கப்பட்டதை ‘லாக்கப்’ என்று எழுதினார். வெற்றிமாறன் அதைப் படமாக்கினார். முதல் பாதிதான் அவர் பட்டது. இரண்டாம் பாதி வெற்றிமாறன் சேர்த்தது. நிஜத்தில் சந்திரகுமார் உயிரோடு திரும்பி வந்து புத்தகம் எழுதினார். படத்தில் வருகிறவர்களில் பலர் திரும்புவதில்லை. நடந்தபடி எடுத்தாரா என்று கேட்டால், இல்லை. அந்த இரண்டு மணி நேரமும் பாட்டிலில் ஒரு ரூபாய் விழவில்லை. படம் முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. ‘தானாக முன்வந்து, யாருடைய வற்புறுத்தலும் இன்றி’ என்று நான் அடித்த தாள்களில் எத்தனை தாளுக்குப் பின்னால் இப்படி ஒரு அறை இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். எண்ண முடியவில்லை.

தொப்பி கோணலாக இருக்கலாம், பிரிவு எண் தப்பாக இருக்கலாம், பிணத்தின் வயிறு ஏறி இறங்கலாம். அடி விழுந்தால் வலிக்கும் என்பதையும், செத்தவன் செத்தவன்தான் என்பதையும் படம் மறக்கக் கூடாது. நான் கேட்டிருக்க வேண்டிய யதார்த்தம் அவ்வளவுதான். ‘சாமி’யில் உடுப்பு, ஊர், சாப்பாடு எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு நான் கோட்டைவிட்டதும் அதைத்தான்.

*

2020 ஜூன். ஊரடங்கு. சாத்தான்குளத்தில் செல்போன் கடை வைத்திருந்த அப்பாவும் மகனும் போலீஸ் பிடியில் அடிபட்டு அடுத்தடுத்து இறந்துபோனார்கள். எங்களுக்கு அது பக்கத்து ஊர். அந்த வாரம் வீட்டில் யாரும் படம் போடவில்லை. ‘சாமி’, ‘சிங்கம்’ எல்லாம் எடுத்த இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படம் எடுத்ததற்காக வேதனைப்படுவதாக அறிக்கை விட்டார். கைதட்டியவர்கள் யாரும் அறிக்கை விடவில்லை. எனக்கும் விடத் தோன்றவில்லை.

பெரியப்பாவுக்கு எண்பத்தைந்து. கண் சரியில்லாததால் பேப்பரை நான்தான் வாசித்துக் காட்டுவேன். அன்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருந்ததைப் போட்டிருந்தார்கள். அவர்கள் இருவரும் தரையில் உருண்டதால் உள்காயம் ஏற்பட்டது என்று இருந்தது. பெரியப்பா திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். மூன்றாம் தடவையும் கேட்டார்.

அந்த ஸ்டேஷனிலேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர் மாஜிஸ்திரேட்டிடம் நடந்ததைச் சொல்லிவிட்டார் என்ற செய்தியை அடுத்த நாட்களில் வாசித்தேன். “தலைமைக் காவலரா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நானும் ஒண்ணு ரெண்டு ‘வழுக்கி விழுந்தான்’ எழுதிருக்கேம்ல” என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அவர் மெதுவாக எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு டி.வி. பக்கம் போனார். சட்டைப் பையைத் தடவி ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்தார். நாலாக மடித்தார்.

“பெரிய தாத்தா, உங்களுக்குத்தான் ஃப்ரீயே” என்றாள் மகள்.

“தரையில உருண்டா உள்காயமா? இதெல்லாம் நடக்கிற காரியமா தாயி?” என்று கேட்டுவிட்டு நோட்டைக் கீறல் வழியாக உள்ளே தள்ளினார்.

அடுத்த வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார். தீபாவளிக்குத் தீபாவளி பாட்டிலைத் திறந்து, என் அபராதக் காசில் மூன்று பேரும் ஒரு படம் பார்க்கிறோம். நாலாக மடித்த அந்த நோட்டை மட்டும் மகள் எடுப்பதில்லை. மூடும்போது திரும்ப உள்ளே போட்டுவிடுகிறாள்.